ஒரு பிடி மண்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான்’ என்று அனுபவமில்லாரை இகழ்வது நம் வழக்கம். காளானின் வரலாற்றை அறிந்தால் இவ்விகழ்ச்சி பொருந்தாதென்பது புலனாகும்.

நாம் காணும் குடை, மாமரத்திற்கு மாங்கனி போன்றதே. காளானின் உடல் மண்ணுக்குள் நூலினும் மெல்லிய இழைகளாய்ப் பின்னிப் படர்ந்து, கண்ணுக்குப் புலப்படாமல் உழைத்துக் கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காடொன்றில் ஒரே பூசணம் ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர் பரவியிருக்கிறது. அதன் வயது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டதெனக் கணித்துள்ளனர்.

ஆரிகன் பூசணம் மரங்களைக் கொல்வது. ஆயினும் மரத்தை வாழ்விக்கும் இனங்கள் பல உள. அவற்றின் இழைகள் வேர்நுனியைப் போர்த்து, வேர் எட்டாத இடத்து நீரையும் உரச்சத்துக்களையும் ஈர்த்து மரத்திற்குத் தருகின்றன. மரம் தன் இலைகள் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கைம்மாறாகத் தருகிறது. இவ்வுறவுக்கு 1885-ஆம் ஆண்டில் ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டார் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க். பூசண வேர் என்பது அதன் பொருள். மழைக்காலத்தில் ராஞ்சிச் சந்தையில் விற்கும் ‘ருக்டா’ என்னும் காளானும் சால மரத்தின் வேரோடு உறவு கொண்டு வளர்வதே. சால மரங்கள் அழியுமாயின் அதுவும் அழியும்.

இனி, நமக்கு நெருக்கமான ஒரு செய்தியைக் கூறுகிறேன். போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் மரம் வளர்க்க முயன்றனர். விதை முளைத்தது; மழையும் வெயிலும் குறைவின்றி இருந்தன. ஆயினும் கன்றுகள் மஞ்சள் பூத்து, வளர்ச்சி குன்றி மடிந்தன. 1950-களில் அமெரிக்கப் பெருநிலத்துப் பைன் மரங்களின் அடியிலிருந்து சிறிது மண்ணைக் கொணர்ந்து இட்டனர். கன்றுகள் பசுமை பெற்று ஓங்கி வளர்ந்தன. அம்மண்ணில் வந்த பூசணமே அதற்குக் காரணம்.

அன்பர்களே, இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பழைய மண் மரத்திற்கு உணவாகவில்லை. புதிய மண்ணிலிருந்தே உணவைப் பெறும் ஆற்றலை அது மரத்திற்கு அளித்தது.

‘இந்த ஊரில் பிழைக்கப் போகும் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு?’ என்று நம் காலனிப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். ஞாயிறு வகுப்பில் இருக்கைகள் காலியாவதையும் காண்கிறோம். அவர்கட்கு என் விடை இதுவே: தமிழ் நம் பிள்ளைகளை இவ்வூரிலிருந்து பிரிப்பதன்று; இவ்வூரிலேயே அவர்களை வேரூன்றச் செய்யும் ஒரு பிடி மண். தன்மொழியில் ஊன்றி நிற்பவன் அயல்மொழியையும் அயலார் அன்பையும் அச்சமின்றி ஏற்பான்.

இவ்வாண்டு விழா மண்ணின்மேல் தோன்றும் குடை. நாளை பந்தலைப் பிரித்துவிடுவார்கள். மண்ணுக்குள் ஓடும் இழையோ ஞாயிறுதோறும் நடைபெறும் வகுப்பு. அதனைக் காய விடாதிருப்போமாக.