கிறிஸ்மஸ் விருந்தும் தொழிலாளர் உடல்நலமும்

(கிளைச் சங்கத்தின் ஆண்டிறுதிக் குடும்ப ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)

 

இன்னும் சில நாட்களில் கிறிஸ்மஸ் வருகிறது. நம் தோட்டங்களில் அது கிறிஸ்துவக் குடும்பங்களுக்கு மட்டும் உரிய திருநாள் அன்று. கோயில் பிள்ளைகள் இரவில் லயம் லயமாகப் பாடி வரும்போது எல்லா வீட்டுக் கதவும் திறக்கிறது. தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்கு அந்த வீட்டுக்குப் போனது. கிறிஸ்மஸுக்கு அந்த வீட்டுக் கேக் நம் வீட்டுக்கு வருகிறது. இந்த உறவு நமக்குப் பெருமை. ஆகவே, விருந்தைக் குறையுங்கள் என்று சொல்ல நாம் இங்கே நிற்கவில்லை. விருந்து முடிந்த பிறகும் உடம்பும் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லவே நிற்கிறோம்.

தோழர்களே! தொழிலாளிக்கு நிலம் இல்லை, பாங்கில் பணம் இல்லை. அவனுடைய முதல் அவன் உடம்பு ஒன்றுதான். இருட்டோடு எழுந்து, வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு மரத்துக்குப் போகிறவனுக்குக் கையும் காலும் கண்ணும் சரியாக இருக்க வேண்டும். அந்த முதலை நாமே கரைத்துவிட்டால், எந்தச் சங்கம் எந்த ஒப்பந்தம் போட்டு என்ன பயன்?

முதலில் குடியைப் பற்றிப் பேசுவோம். கசப்பான பேச்சுத்தான், ஆனாலும் பேச வேண்டிய இடம் இதுவே.

ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. உழைத்த கூலி ஒரு கையால் வந்து மறு கையால் அந்தக் கடைக்கே போயிற்று. நம் முன்னோர் இதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வு கேட்டதோடு நிற்கவில்லை. கள்ளுக்கடையை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன்னே மறியல் செய்தார்கள்; போலீசின் அடியையும் தாங்கினார்கள். குடியை எதிர்ப்பது சாமியார் வேலை அன்று, தொழிலாளர் போராட்டத்தின் ஒரு பகுதி என்று அவர்கள் காட்டிவிட்டுப் போனார்கள்.

இன்று தோட்டத்துக் கள்ளுக்கடை போய்விட்டது. ஆனால் மலிவான சம்சு போகவில்லை. கள்ளத்தனமாகக் காய்ச்சியதும், யார் கலந்தது என்று தெரியாததும் பண்டிகை நாட்களில் கைமாறுகிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் நடந்ததை மறக்கக்கூடாது. மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த நேப்பாள, வங்காளதேச, மியன்மார்த் தொழிலாளர்கள். நம்மைப்போல் கைகால்களை நம்பி வாழ்ந்தவர்கள்.

மெத்தனாலைப் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது. அது உடம்புக்குள் போய் வேறொரு நஞ்சாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. அரை நாள், சில வேளை ஒரு நாள் கழித்துத்தான் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல் எல்லாம் வரும். “போதை தெளியவில்லை, தூங்கட்டும்” என்று அவரைப் படுக்க வைப்பதுதான் பெரிய ஆபத்து. குடித்த ஒருவர் கண் தெரியவில்லை என்று சொன்னால் மோரும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால் உயிரும் கண்ணும் தப்பும்.

“கானா ஊர்க் கலியாணத்தில் இயேசுவே திராட்சரசம் கொடுத்தாரே” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கொடுத்தார்; சம்சு கொடுக்கவில்லை! வெறிகொள்ளக் குடிக்காதே என்று எச்சரிப்பதும் அதே வேதாகமம்தான். குடிப்பதில் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்றில்லை என 2023-ல் உலகச் சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காமல் இருப்பதே நலம். குடித்தே தீருவேன் என்கிறவர் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். முத்திரையில்லாத போத்தலைத் தொட வேண்டாம். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறவே வேண்டாம். 2020-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டியதற்கு முதல் தடவையே 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமும் சிறையும் காத்திருக்கின்றன. அந்தப் பணத்தை எந்த மரம் கொடுக்கும்?

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். 2019-ல் அரசாங்கம் எடுத்த நாடு தழுவிய சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் 18 பேருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது நூற்றுக்கு 31 பேர். நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். இதை நம் லயத்துக்குப் பொருத்திப் பாருங்கள். காலில் பட்ட சிறு காயம் ஆறாமல், கடைசியில் காலையே எடுத்த கதை எந்தத் தோட்டத்தில் இல்லை?

பண்டிகையில் நம்மை ஏமாற்றுவது இறைச்சியைவிடக் கலர் தண்ணிதான். சீனி குறைக்காத ஒரு டின் கலர் தண்ணியில் சுமார் 35 கிராம் சீனி உண்டு. ஏழு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வீட்டுக்குப் போய் ஐந்து டின் குடித்தால் முப்பத்தைந்து கரண்டி! அதோடு டின்பால் ஊற்றிய தேத்தண்ணி, கேக், நெய்யுருண்டை. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 50 கிராமுக்கு மேல் சீனி வேண்டாம், 25 கிராமோடு நின்றால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் தாய்மார்கள் ஒரு குடம் தண்ணீரில் எலுமிச்சையும் கொஞ்சம் புதினாவும் போட்டு வாசலில் வைத்தால் போதும். அதைவிட நல்ல உபசாரம் என்ன இருக்கிறது?

தட்டு நிரப்புவதற்கு நம் சுகாதார அமைச்சு எளிய கணக்கு ஒன்று சொல்லியிருக்கிறது: ‘சுக்கு, சுக்கு, செப்பாரோ’. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். பிரியாணிக்கும் இதே கணக்குத்தான். வெள்ளரிக்காய், கேரட், அன்னாசி போட்ட பச்சடி ஒரு பெரிய சட்டி இருக்கட்டும். வீட்டுக்குப் பின்னே வளரும் முருங்கைக்கீரையும் காங்கோங்கும் விருந்துக்கு மரியாதைக் குறைவு ஆகாது. இனிப்புநீர் உள்ளவர்கள், விருந்து இருக்கிறதே என்று காலைச் சாப்பாட்டையோ மருந்தையோ விட்டுவிடக் கூடாது. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு குடித்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் போதை என்று எண்ணிவிடுவார்கள்.

இன்னொன்று. பாட்டு முடிந்து நள்ளிரவில் வரும் பிள்ளைகளுக்கு மத்தியானம் சமைத்த கோழிக்கறியைக் கொடுக்கிறோம். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். தேங்காய்ப்பால் கறி நம் நாட்டு வெக்கையில் சீக்கிரம் கெடும். மிச்சம் இருக்கும் என்று தெரிந்தால் முன்னதாகவே எடுத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள்; மறுபடி கொடுக்கும்போது கொதிக்க வையுங்கள்.

சம்பளப் பட்டியல் எழுதும் கிராணிமாராகிய எங்களுக்கு ஒன்று தெரியும். ஆண்டு முடிவு மழைக்காலம். மழை நாளில் வெட்டு இல்லை, சம்பளம் குறைகிறது. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கிறது, பாலும் குறைகிறது. இடையிலேயே பள்ளிக்கூடச் செலவும் வருகிறது. டிசம்பரில் போத்தலுக்குப் போன வெள்ளி, அப்போது பிள்ளையின் சப்பாத்துக்கு இல்லாமல் போகிறது. முன்பணம் கேட்டு ஆபீஸ் வாசலில் நிற்கும் தாய்மார்களின் முகத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறோம்.

ஆகவே, இந்தக் கூட்டத்தின் முன் மூன்று காரியங்களை வைக்கிறோம். ஒன்று: நம் கிளை நடத்தும் எந்த விருந்திலும் மது இல்லை, தண்ணீரும் பழமும் காய்கறியும் முதலில் வரும். இரண்டு: பண்டிகைக்கு முன் ஒரு நாள், நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தத்தில் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு வருவோம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். மூன்று: கள்ளச் சம்சு விற்பவன் நம் உறவினனாக இருந்தாலும் மூடி மறைப்பதில்லை.

கள்ளுக்கடையை எதிர்த்து நின்ற முன்னோர் நமக்கு ஒரு சங்கத்தையும் ஒரு தைரியத்தையும் விட்டுப்போனார்கள். அந்தத் தைரியத்தை நம் தட்டிலும் கோப்பையிலும் காட்டுவோம். பாடி வரும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறப்போம், நல்லதைக் கொடுப்போம், நல்லதை உண்போம்.

அனைவருக்கும் கிறிஸ்மஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!