கொழுந்து குடியிருக்கும் மாடி

நானுஓயாவில் ரயிலை விட்டிறங்கி, நுவரெலியா போய், கந்தப்பளை பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். மேட்டுக்கு மேடு வெள்ளி வர்ணம் பூசிய தகரக் கட்டடம் ஒன்று தலைகாட்டும். மூன்று நான்கு மாடி. ஒவ்வொன்றிலும் வரிசையாக யன்னல்கள். புதிதாக வருபவர் ஏதோ பெரிய கந்தோர் என்று நினைப்பார். அது தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்துச் சனத்துக்கு அது ‘ஸ்டோர்’.

மேல்மாடிகளில் ஆட்களைவிடக் கொழுந்துதான் அதிக நேரம் இருக்கும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர். அரைப்பதற்கு முன் அதை இரவெல்லாம் காற்றில் வாட்டவேண்டும். காற்று தாராளமாக வீசும் இடம் பார்த்துக் கட்டியதும், அத்தனை யன்னல் வைத்ததும் அதற்காகத்தான். முன்பு சாக்குத் துணித் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, யன்னலைத் திறந்தும் சாத்தியும் பதம் பார்த்தார்கள். இப்போது நீண்ட தொட்டிகள், அடியிலிருந்து ஊதும் விசிறிகள். மழை நாளில் காற்றே ஈரம். அப்போது கீழே தேயிலை உலர்த்தும் அடுப்பின் சூட்டை மேலே இழுத்துக்கொள்வார்கள்.

பாரம் தூக்குவது ஒரு தடவைதான், கொழுந்தை மேலே ஏற்றும்போது. வாடியதும் பலகைத் துவாரம் வழியாகக் கீழே இருக்கும் அரைக்கும் இயந்திரத்தில் தானாக விழும். 100 கிலோ கொழுந்து, 22 கிலோ அளவில் தேயிலையாக வெளியே வரும். ஒரு காலத்தில் பல ஸ்டோர்களின் இயந்திரங்களை ஓடைத் தண்ணீரே சுழற்றியது.

இப்படிக் காற்றை நம்பிய கட்டடம் கொழும்பிலும் உண்டு. அங்கே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காகப் பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றைக் கட்டினார். இன்றைக்கு அது மகாவலிக் கட்டடம். காற்றுத் திசை பார்த்துத் திருப்பிவைத்த கட்டடம். யன்னலுக்குக் கீழே காற்று நுழையத் தனி வழி. ஸ்டோரைப் பார்த்துத்தான் அவர் அதைக் கட்டினார் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இரண்டும் காற்றை உள்ளே கூப்பிடுகின்றன. பிறகு எழும்பிய கண்ணாடிக் கோபுரங்கள் காற்றை அடைத்துவிட்டு, குளிரூட்டிக்கு மின்கட்டணம் கட்டுகின்றன.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகிவிட்டது. வெளித்தோற்றம் அப்படியே. கொழுந்து வாடிய மாடிகளில் படுக்கையறைகள். அந்தக் குளிரில் யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்க யாருக்கு மனம் வரும்!

இனிச் சரிவில் கீழே பாருங்கள். தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராக்கள். முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய லயங்களில் பின்பக்கம் யன்னல் வைக்கவே இடமில்லை. அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். கொழுந்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் பார்த்த அதே துரைமார் காலத்து நிர்வாகம்தான் இதையும் கட்டியது. ஆட்களுக்கும் காற்று வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போனது என்று நான் நம்பமாட்டேன். தனி வீடுகள் இப்போது எழும்பி வருகின்றன. லயங்களும் இன்னும் இருக்கின்றன.

வேலை நடக்கும் ஸ்டோரைப் பார்க்க விரும்புகிறவர்கள் நுவரெலியாவுக்குப் பக்கத்திலேயே பீட்ரு தோட்டத்துக்கோ, கண்டி வீதியில் லபுக்கலைக்கோ போகலாம். விடியற்காலையில் போங்கள். இரவில் வாடிய கொழுந்தை அரைக்கும் நேரம் அது. பத்து மணிக்கு மேல் போனால், சில நாட்களில் தரை கூட்டுவதைத்தான் பார்க்கக் கிடைக்கும்.