நெல்லுக்கு விலையா, காணிக்குக் காசா?

(திருக்கோவிலுக்கு ஆடி அமாவாசைத் தீர்த்தமாட வந்திருந்த தோட்டக் குடும்பங்கள் மத்தியில், இப்பகுதி விவசாயிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கடலாடி, சாமி கும்பிட்டு, களைச்சுப் போய் இருக்கிறீங்க. அதனால நீட்டிப் பேசமாட்டோம். வாற வழியில தம்பிலுவில் பக்கம் வயலுக்குள்ள வெட்டு மெசின் ஓடினதைப் பார்த்திருப்பீங்க. சிறுபோக அறுவடை நடக்குது. அந்த நெல்லு ஆலைக்குப் போய், அரிசியாகி, மறுகா மலையில உங்கட கடைகளுக்கும் வரும். நீங்க பறிக்கிற கொழுந்து எங்கட வீட்டுத் தேத்தண்ணியாக வருது. ஆனால் நெல்லின் விலையும் கொழுந்தின் கூலியும் உங்கட கையிலும் இல்லை, எங்கட கையிலும் இல்லை. கொழும்பில ஒரு கொள்கை மாறினால் அது நம்ம சோத்துப் பானை வரைக்கும் எப்படி வருகுது என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஐரோப்பாவைப் பார்ப்போம். அங்கே 1962 முதல் பொது விவசாயக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது. கோதுமை, பால், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் அரசு ஒரு அடிவிலை வைத்தது. சந்தையில் விலை விழுந்தால் அரசே வாங்கிக் களஞ்சியத்தில் போடும். விலை உறுதி என்றால் யார்தான் குறைத்து விதைப்பார்? வெண்ணெய் மலைபோலக் குவிந்தது. மிஞ்சியதை மானியம் கொடுத்து வெளிநாட்டுக்கு மலிவாகத் தள்ளினார்கள். அதனால் வேறு நாடுகளின் ஏழை விவசாயி அடிபட்டான்.

1992 இல் விவசாய ஆணையாளராக இருந்த அயர்லாந்துக்காரர் ரே மக்சாரி இதைத் திருப்பிப் போட்டார். தானியத்தின் ஆதரவு விலையை மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். அதற்கு ஈடாக, விதைத்த நிலத்தின் அளவுக்குக் காசு கொடுத்தார்கள். பெரிய கமக்காரர்கள் நிலத்தில் 15 வீதத்தைத் தரிசாக விடவும் வேண்டியிருந்தது. சந்தை விலை இறங்கியது. களஞ்சியக் குவியலும் கரைந்தது. உள்நாட்டுத் தானியம் மலிந்ததால் மாட்டுக்கும் பன்றிக்கும் அதையே தீனியாகப் போட்டார்கள். ஆனால் காசு நிலத்தின் அளவுக்கு வந்ததால், கூட நிலம் வைத்திருப்பவருக்குக் கூடக் காசு. குத்தகையும் அதன் பின்னால ஏறும்தானே!

எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது; உத்தரவாத விலை என்ற பேச்சு அதைவிடப் பழையது. பசளைக்கு 2005 கடைசியில் ஒரு மானியம் அறிவித்தார்கள்: 50 கிலோ யூரியா மூட்டை 350 ரூபாய். 2016 இல் மூட்டையை நிறுத்திக் காசு தந்தார்கள். 2018 இல் திரும்ப மூட்டை. 2020 இல் இலவசம். அடுத்த வருசம் பசளையே இல்லை! 2024 இல் திரும்பவும் காசுதான், ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய். ஒரு வீட்டில் மருமகள்கூட இப்படி அடிக்கடி அடுக்களையை மாத்தி வைக்கமாட்டாள்.

மூட்டையாக வந்தால் அது வயலுக்குத்தான் போகும். காசாக வந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குப் போகும். குத்தகைக்குச் செய்கிறவன் வெறுங்கையோடு நிற்பதும் உண்டு. ஐரோப்பாவில் கண்ட அதே சிக்கல்தான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். சேதனப் பசளை கெட்டது என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்கட பாட்டன்மார் எருப் போட்டுத்தான் செய்தார்கள். ஆனால் இன்றைய நெல்லினங்கள் யூரியாவுக்கு வளர்த்தெடுத்த இனங்கள். ஒரு போகத்தில் மாறு என்றால் அது மாறுமா? நவம்பரில் தடையை நீக்கினபோது பெரும்போக விதைப்பே நடந்துகொண்டிருந்தது. 2021 இல் நாட்டின் நெல் விளைச்சல் சுமார் 51 இலட்சம் மெட்ரிக் தொன். 2022 இல் சுமார் 34 இலட்சம். குறைந்ததை ஈடுசெய்ய வெளிநாட்டு அரிசி கப்பலில் வந்தது.

உங்கட பக்கமும் அதே கதி. 2021 இல் 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த தேயிலை, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. அதுக்கு முன்னால, 2015 இல் கிளைபோசேட் களைநாசினியைத் தடை செய்து 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்ட கதையும் உங்களுக்குத் தெரியும். புல்லுக்குள்ள அட்டைக்கடியோட நின்று கொழுந்து பறிச்சது நீங்கதானே.

இதில் ஒன்றைக் கவனியுங்க. ரூபாய் விழுந்ததால் 2022 இல் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. உங்கட நாட்கூலியோ 2021 மார்ச்சில் வந்த அதே 1,000 ரூபாய். 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. அதற்கிடையில் அரிசி கிலோ 200 ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்ப ஒரு நாள் பெயருக்கு எத்தனை கிலோ அரிசி வந்தது என்று வீட்டுக்காரம்மாமாருக்கு நாங்கள் கணக்குக் காட்டத் தேவையில்லை.

அந்த விலை எங்கட மடிக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபாய். நாட்டரிசிக்குக் கடையில் வைத்த உச்ச விலை 230. ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேணும், அது 180 ரூபாய். மிச்சம் 50 ரூபாயில் அவியல், குற்று, லொறி, கடை எல்லாம் அடங்குது. கூடப் பெரிய கொள்ளை இல்லையே என்று தோணும். ஆனால் அந்த 120 ரூபாய் காய்ந்த நெல்லுக்குத்தான். மெசின் வெட்டிக் கொட்டுற நெல்லு ஈரம். கடன்காரன் வாசலில் நிற்க, காயப்போடக் களமில்லாதவன் வயல் கரையில் வியாபாரி சொல்லுற விலைக்குத் தலையாட்டுறான். அதே நெல்லை இரண்டு மாசம் வைத்திருக்கக் கூடியவருக்குத்தான் விலை ஏறும்போது இலாபம்.

காசு மானியம் தந்தாலும் சரி, மூட்டை தந்தாலும் சரி, காயப்போடக் களமும் ஊருக்கொரு களஞ்சியமும் இருந்தால் அந்த வியாபாரியை "அடுத்த கிழமை வாங்க" என்று எங்களால சொல்லலாம். எங்கட கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் இப்ப நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறது அதைத்தான். குத்தகைக்காரர் பெயரையும் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லியும் கேட்டிருக்கிறோம்.