முதுமைக்கு யார் பொறுப்பு?



நினைவுரைக்கு ஓய்வூதியத்தைப் பேசுபொருளாக எடுத்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் கதைகளில் வரும் பாட்டன் பாட்டிகள் கை கால் ஓயும்வரை உழைத்தவர்கள். ஓய்வு பெறும் வயது என்று ஒன்று அவர்களுக்கு இருந்ததில்லை. ஆகவே இது நம் இலக்கியத்தின் பேசுபொருளும்தான்.

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஒன்றிய அரசு இன்று என்ன சொல்கிறது? விருப்பப்பட்டுச் சேமியுங்கள், முதுமையில் ஓய்வூதியம் உண்டு என்கிறது. 2015-இல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால், 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும். 40 வயதில் சேர்ந்தால் அதே தொகைக்கு மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். 40-ஐக் கடந்தவர் சேரவே முடியாது. 2019-இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் தொழிலாளி கட்டும் அளவுக்கு அரசும் கட்டுகிறது. அதற்கும் 40 வயதுதான் வரம்பு.

இதில் 'விருப்பம்' என்ற சொல்லை நாம் நிறுத்திப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வேலையில்லாத சித்தாளின் கணக்கிலிருந்தும் மாதாமாதம் பணம் எடுக்கப்படும். கணக்கில் பணம் இல்லையென்றால், தவணை தவறிய நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். இன்று 18 வயதில் சேரும் பெண்ணுக்கு 42 ஆண்டுகள் கழித்தும் உத்தரவாதம் அதே 5,000தான். விலைவாசியோடு அது ஏறாது.

இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 1952-இன் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வகுத்த முறையில் தொழிலாளியோடு முதலாளியும் பங்கு கட்டியாக வேண்டும். விருப்பச் சேமிப்பில் அந்த முதலாளி எங்கே போனார்? உழைப்பை வாங்கியவர்கள் விலகிக்கொள்ள, முதுமை தொழிலாளியின் சொந்தப் பொறுப்பாகிவிடுகிறது. கூலியே இல்லாமல் ஊர்ப் பிணத்தையும் செத்த மாட்டையும் சுமந்த நம் முன்னோருக்கு இது புதிதல்ல.

அமைப்புசாராத் தொழிலில் முதலாளியை அடையாளம் காண முடியாது என்பார்கள். கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் அதற்குப் பதில் கண்டன. அவர்களுடைய நீண்ட போராட்டத்தால் வந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வகுத்த முறையில், கட்டடம் கட்டுபவர் செலவில் 1 விழுக்காட்டைத் தொழிலாளர் நலநிதிக்கு செஸ்ஸாகக் கட்டுகிறார். மேஸ்திரி மாறலாம், வேலையிடம் மாறலாம், பணம் வாரியத்துக்கு வந்துவிடும். இதே வழியைத் தோல் தொழிலுக்கும் வீட்டு வேலைக்கும் நாம் ஏன் கேட்கக் கூடாது?

திட்டங்களில் சேர வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்ட முடிந்த இளைஞர்கள் சேரட்டும். 40-ஐத் தாண்டியவர்களை நலவாரியத்தில் பதியச் செய்வோம், பதிவைப் புதுப்பிக்கவும் துணை நிற்போம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் வைப்பு நிதிக் கணக்கை மாணவர்கள் செல்போனிலேயே பார்த்துச் சொல்லலாம். ஒப்பந்ததாரர் பணம் கட்டவில்லையென்றால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிர்வாகமே சட்டப்படி பொறுப்பு. அந்தப் பொறுப்பை எழுத்தில் கேட்போம். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைப் பார்த்தவர். தொழிலாளர் உரிமை நமக்குப் பக்கத்து வீட்டுப் பிரச்சினை அல்ல.