மூக்கு நீண்டா எத்தனை வினாடி?

இன்னைக்கு ஒரு சண்டையைப் பத்திப் பேசப்போறேன். பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிற கிளப்புகள்ல, பந்தயம் முடிஞ்சு எல்லாரும் பீரோட உக்காந்ததும் தொடங்குற சண்டை. முப்பது வருஷத்துக்கு மேலா ஓடிட்டிருக்கு. கேள்வி இதுதான்: படகோட மூக்குல ஒரு கம்பை நீட்டி, அதுல ஒரு பெரிய பாயைக் கட்டினா, அந்தப் படகுக்கு எத்தனை வினாடி அபராதம்?

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுல சில வருஷம் வார இறுதிகள்ல க்ரூவா ஏறியிருக்கேன். கயிறு இழுக்கிற வேலைதான், பெரிசா ஒண்ணும் இல்ல. ஆனா இந்தச் சண்டையைப் பக்கத்துல உக்காந்து நிறையக் கேட்டிருக்கேன்.

முதல்ல ஹேண்டிகேப்னா என்னன்னு பார்த்துடலாம். கிளப் பந்தயத்துல எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணு 24 அடி, இன்னொண்ணு 40 அடி. அதனால ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண் கொடுக்கிறாங்க. அமெரிக்காவில் பரவலாக இருக்கும் முறை பிஹெச்ஆர்எஃப். அதில் எண் என்பது ஒரு கடல் மைலுக்கு எத்தனை வினாடி சலுகை என்பது. உங்க படகுக்கு 120, என் படகுக்கு 90, பந்தயம் 10 மைல்னு வெச்சுக்குங்க. நான் உங்களுக்கு 300 வினாடி கடன்பட்டிருக்கேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேல முந்தினாத்தான் நான் ஜெயிச்சேன். அந்த எண்ணை மூணு வினாடி மாத்தினாலே 10 மைல்ல அரை நிமிஷம் போயிடும். பாதிப் பந்தயங்களோட முடிவு அந்த அரை நிமிஷத்துக்குள்ளதான் இருக்கும்.

இப்போ பாய்க்கு வருவோம். காற்று பின்னாடியிருந்து அடிக்கும்போது முன்னால பலூன் மாதிரி உப்பி நிக்குமே, கலர் கலரா, அதுதான் ஸ்பின்னேக்கர். பழைய வகை சமச்சீரானது. இடது பாதியும் வலது பாதியும் ஒண்ணு. அதோட ஒரு மூலையை, பாய்மரத்துல பொருத்தின ஒரு கம்பு வெளியே தள்ளிப் பிடிக்கும். இதுக்கு விதி சுலபமா இருந்தது. பாய்மரத்துக்கும் முன்கயிறுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஜே-ன்னு பேரு. கம்பு அந்த ஜே நீளம்தான் இருக்கணும், பாயோட அகலம் அதுல 180 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஜே 12 அடின்னா கம்பு 12 அடி, பாய் 21.6 அடி. தாண்டினா அபராதம். அளவு நாடா இருந்தாப் போதும்.

அப்புறம் சமச்சீரற்ற பாய் வந்தது. சிட்னியின் 18 அடி ஸ்கிஃப் படகுகள் 1980-களிலேயே மூக்கில் கம்பை நீட்டி இதைப் பறக்கவிட்டன. அது இளசுகள் தலைகுப்புற விழுந்து விளையாடுற படகுன்னு பெரியவங்க கண்டுக்கல. 1990-களின் தொடக்கத்தில் ஜே போட்ஸ் நிறுவனம் ஜே/105 என்ற 34 அடிப் படகைக் கொண்டுவந்தது. அதில் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய கார்பன் பௌஸ்பிரிட். வேணும்போது மூக்கு நீளும், வேணாம்னா உள்ள போயிடும். படகோட முன்பக்கத்தை நம்ம மீனவர்கள் அணியம்னு சொல்வாங்க. அந்த அணியத்துலேர்ந்து ஒரு யானைத் தந்தம் நீட்டின மாதிரி இருக்கும்.

இங்கதான் அளவு நாடா தோத்துப்போச்சு. பாய் இப்போ ஜே-க்கு வெளிய, படகுக்கே முன்னாடி நிக்குது. அகலமும் அதிகம், பரப்பும் அதிகம். "பெரிய பாய், அதனால வேகம், அதனால அபராதம்"னு சொல்லிடலாம்தான். ஆனா அது முழு உண்மை இல்ல.

பழைய கம்பை காத்து வர்ற பக்கமா பின்னால இழுத்துக்கலாம். அப்போ ஸ்பின்னேக்கர், பெரிய பாயோட நிழல்லேர்ந்து வெளிய வந்துடும். காற்றோடவே நேரா கீழே இறங்கலாம். மூக்குக் கம்பு அப்படி நகராது, நடுக்கோட்டுலயே நிக்கும். நேரா இறங்கினா பாய் நிழல்ல மாட்டித் துவண்டுபோகும். அதனால அந்தப் படகு வளைஞ்சு வளைஞ்சுதான் இறங்கணும். கணக்கு இது: நேர்க்கோட்டிலிருந்து 35 டிகிரி விலகிப் போனால் தூரம் 22 சதவீதம் கூடும். 20 டிகிரி விலகினால் 6 சதவீதம்தான். ஆக, 35 டிகிரி விலகி வர்ற படகு, நேரா வர்ற படகை விட 22 சதவீதம் வேகமா வந்தாத்தான் சமம்.

காத்து லேசா இருந்தா அது நடக்கும். சொல்லப்போனா பழைய படகுகளே அப்போ நேரா இறங்காது. காத்து பலமா இருந்து, படகும் எடை குறைஞ்சதா இருந்தா, தண்ணி மேல ஏறிச் சறுக்கிட்டுப் போகும், அப்பவும் நடக்கும். நடுவுல, மிதமான காத்துல, கனமான படகு அந்த 22 சதவீதத்துக்கு எங்க போகும்? அதோட உடல் நீளமே ஒரு வேக வரம்பை வெச்சிருக்கு. அங்க பெரிய பாயும் அபராதமும் சேர்ந்து கிடைக்குது, வேகம் கிடைக்கல. ஆனா அதே படகை, காத்து பக்கவாட்டுல அடிக்கிற பாதையில விடுங்க. பறக்கும், மத்தவங்க வாயைப் பிளந்து பார்ப்பாங்க. ஒரே படகு, ஒரே பாய். ஆனா பாதைக்கும் காத்துக்கும் தகுந்த மாதிரி ஒரு நாள் கொடுத்த அபராதம் கம்மி, மறுநாள் அதிகம். எண் மட்டும் ஒண்ணே ஒண்ணு.

நான் ஏறின ஒரு படகோட சொந்தக்காரருக்கு அறுபது தாண்டியிருந்தது. கம்பை ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கம் மாத்தணும்னா ஒரு ஆள் ஆடுற முன்தளத்துல நிக்கணும். அந்த வேலைக்கு அவருக்கு ஆள் கிடைக்கல. அதனாலதான் மூக்குக் கம்பு போட்டார். வேகத்துக்காக இல்ல, ஆள் பற்றாக்குறைக்காக. கமிட்டி அவர் எண்ணுல 6 வினாடி குறைச்சது. அவங்க சொன்னதுலயும் தப்பில்ல: நோக்கத்தை அளக்க முடியாது, பாயைத்தான் அளக்க முடியும். ஆனா அந்த சீசன் முழுக்க மேலும் கீழுமா ஓடுற பாதைகள்தான் வெச்சாங்க. அவர் நாலாவது, அஞ்சாவதுன்னு வந்துட்டிருந்தார். அடுத்த வருஷம் பந்தயத்துக்குப் பதிவே பண்ணல. எனக்கு இதுதான் உறுத்துது. மத்தவங்க ஏமாந்துடக்கூடாதுன்னு போட்ட விதி, வயசானவங்களைக் கரையில உக்கார வெச்சுடுது.

சரி, கமிட்டி ஏன் இவ்வளவு சந்தேகப்படுது? காரணம் இருக்கு. பெரிய ஜெனோவாவுக்கு அபராதம் உண்டுன்னா, அதை ஸ்பின்னேக்கர்னு பேர் மாத்திக் கொண்டுவர ஆளுங்க இருக்காங்க. அதைத் தடுக்கத்தான் 75 சதவீத விதி: பாயோட நடு அகலம், அடி அகலத்துல முக்கால் பங்கு இருந்தாத்தான் அது ஸ்பின்னேக்கர். சாதாரண முக்கோணத்துக்கு நடு அகலம் பாதிதான் வரும், அதனால ஜெனோவா இதுல நுழைய முடியாதுன்னு நினைச்சாங்க. 1997-98 விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்துல பால் கேயார்டோட இஎஃப் லாங்குவேஜ் அணி, பின்விளிம்பை மட்டும் உப்ப வெச்சு, சரியா அந்த அளவைத் தொட்டு, கிட்டத்தட்ட ஜெனோவா மாதிரியே வேலை செய்யுற ஒரு பாயைத் தைச்சுது. அளவுல ஸ்பின்னேக்கர், வேலையில வேற. பந்தயத்தையும் ஜெயிச்சாங்க. கோட் ஜீரோங்கிற பாய் வகை அங்கதான் பிறந்தது. இன்னைக்கு உல்லாசப் படகுல கூட அது இருக்கு. எனக்கு இதுல கோபமே வரல, விசில்தான் அடிக்கத் தோணுது.

இன்னொரு குட்டி விஷயம். மூக்கு நீளுதுன்னா, முடிவுக் கோட்டை மூக்கு தொட்டா ஜெயிச்சதா ஆகுமா? 2021-க்கு முன்னாடி, இயல்பான நிலையில இருக்கிற கருவியும் கணக்குல வரும். அப்போ நீட்டின கம்பு இயல்பான நிலையான்னு வாதம். 2021 விதிகள்ல தொடக்கத்துக்கும் முடிவுக்கும் படகோட உடல் மட்டும்தான்னு ஆக்கிட்டாங்க. அந்தத் தலைவலி தீர்ந்தது.

மத்த முறைகள் என்ன செய்யுதுன்னு கேட்டா, ஐஆர்சி, பாய்மரத்துலேர்ந்து பாய் கட்டுற முனை வரைக்கும் உள்ள தூரத்தையும் பாயோட பரப்பையும் எடுத்து ஒரு சூத்திரத்துல போடுது. சூத்திரம் ரகசியம். யாரும் அதைப் பார்த்து வளைக்கக்கூடாதுன்னு. ஓஆர்சி நேர்மாறு: சூத்திரம் வெளிப்படை, கணினி மாதிரி ஒவ்வொரு காத்துக்கும் ஒவ்வொரு கோணத்துக்கும் படகோட வேகத்தைக் கணிக்குது. நடுக்கோட்டுல கட்டின பாயும், கம்புல கட்டின பாயும் அதுக்கு வேற வேற. அன்னைக்குப் பாதை எப்படி, காத்து எவ்வளவுன்னு பார்த்து அதுக்கேத்த எண்ணை அமைப்பாளர் எடுத்துக்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா ஓஆர்சியோட முழுச் சான்றிதழ் வேணும்னா படகை அளக்க ஆள் வரணும், செலவு இருக்கு. புதன்கிழமை சாயங்காலப் பந்தயத்துக்கு யாரு அதெல்லாம் பண்ணுவா? அதனால சின்ன கிளப்புகள் அந்த ஒத்தை எண்ணோடவே ஓடிட்டிருக்கு. சில இடங்கள்ல மட்டும் மேல்-கீழ் பாதைக்கு ஒரு எண், சுற்றுப் பாதைக்கு ஒரு எண்ணுன்னு ரெண்டு வெச்சிருக்காங்க. அந்த ரெண்டாவது எண் இருந்திருந்தா, அந்தப் பெரியவர் இன்னும் ஒரு சீசனாவது வந்திருப்பார்னு நினைக்கிறேன்.

அடுத்த எபிசோடுல பாய்த்துணி பத்திப் பேசுவோம். வரட்டா.