பூனையும் பூந்தொட்டியும்

ஊரில் வீட்டுக்குப் பின்னே கொல்லை இருந்தது. பூனை கடிக்க அருகம்புல் இருந்தது. தில்லியிலும் மும்பையிலும் மாடி வீடுகளில் குடியிருக்கும் நமக்கோ, தோட்டம் என்பது பால்கனியிலுள்ள நாலு தொட்டிகளே. பச்சை இலையைக் கடிக்கும் இயல்புடைய பூனைக்கும் அவையே தோட்டம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

தில்லியில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். பரிசாக வந்த லில்லி மலர்க்கொத்தைப் பூஜாடியில் வைத்திருந்தோம். பூனை ஓர் இதழைக் கடித்தது. அன்றிரவு இருமுறை வாந்தி எடுத்தது. மறுநாள் தெளிந்தாற்போல் தோன்றியது. இனிக் கவலையில்லை என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் அதற்குச் சிறுநீர் நின்றது. நான்காம் நாள் பூனை இல்லை.

லில்லியின் நஞ்சு பூனையின் சிறுநீரகத்தை அழிப்பது. இலையும் இதழும் மட்டுமல்ல. மயிரில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடியின் நீரைக் குடித்தாலும் தீங்கு நேரும். இடையே தோன்றும் தெளிவு நலம் அன்று, ஏமாற்றமே. 18 மணி நேரத்துக்குள், இயன்றவரை அதற்கும் முன்பாகவே, நரம்பு வழியே நீரேற்றும் சிகிச்சையைத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அச்சிகிச்சை இரண்டு மூன்று நாள் நீளும்.

எல்லா நஞ்சும் ஒரே தன்மையன அல்ல. மணி பிளான்ட், டீஃபன்பாக்கியா ஆகியவற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவை வாயைக் குத்த, எச்சில் வழியும். பெரும்பாலும் உயிருக்கு ஊறு நேராது. அரளியும் ரணகள்ளியும் இதயத்தைத் தாக்குவன. அழகுக்காக வளர்க்கும் சைகஸ் கல்லீரலைக் கெடுப்பது.

ஆகையால் செய்யத்தக்கவை யாவை? முதலில் வாயிலுள்ள துணுக்குகளை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தெடுங்கள். மயிரில் மகரந்தம் இருப்பின், பூனை நக்குமுன் கழுவிவிடுங்கள். உப்புநீர் புகட்டியோ விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். பாலும் மாற்று மருந்தன்று. நோய்க்குறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். கடித்தது எப்போது, எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செடியின் கிளை ஒன்றையும் உறையிலிட்டு உடன் கொண்டு செல்லுங்கள். நாம் அரளி என்பதை இந்தியில் கனேர் என்பர், தெலுங்கில் கன்னேரு, வங்கத்தில் கரபி. அயல்மொழி நகரில், பதற்றத்தில், பெயர் நாவில் வராது. கிளையோ எம்மொழியாருக்கும் விளங்கும்.

பூனை வளரும் வீட்டில் லில்லி வேண்டாம். ஒரு தட்டில் மண்ணிட்டுக் கோதுமையை விதையுங்கள். சில நாளில் முளைக்கும் அப்பசும்புல் அதன் ஆசைக்குப் போதும். எங்கள் பால்கனியில் இப்போது அத்தட்டு இருக்கிறது. அதைக் கடிக்க வேறொரு பூனையும் வந்து சேர்ந்திருக்கிறது.