காரமீனும் கால் பங்கு சோறும்



நீரிழிவு வந்தால் நாவுக்கு ருசியே கிடையாது என்று பலர் மனம் சோர்கிறார்கள். அப்படியன்று. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது மிளகாய் அல்ல, தட்டில் குவியும் சோறுதான். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து உண்டு. மீனில் அது இல்லையென்றே சொல்லலாம்.

நான்கு கெம்போங் மீன் வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, இருபுறமும் கீறுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, அரைத்த இஞ்சி பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு கலந்து பூசி அரைமணி நேரம் வையுங்கள். அரிசி மாவும் சோள மாவும் இனிப்புக் கிச்சாப்பும் வேண்டாம். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் சிறிது எண்ணெய் விட்டு மீனைப் போடுங்கள். அடிப்புறம் முறுகிக் கல்லைவிட்டு எழும்பும்வரை புரட்டாதீர்கள். இல்லையேல் தோல் ஒட்டிக்கொள்ளும்.

தட்டில் பாதி கீரை, காய். கால் பங்கு மீன். கால் பங்கு சோறு. இதுவே அளவு.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரென நிறுத்தக்கூடாது. சர்க்கரை மிகவும் இறங்கி வேலைக்காட்டிலேயே மயங்கி விழ நேரும். வியர்த்துக் கைகால் நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள்.

உணவை அளந்து உண்போம், நலமாய் வாழ்வோம்.